வலிப்பு மாத்திரையைக் கண்ணுக்கும் கால் எரிச்சலுக்கும் ஏன் கொடுக்கிறார்கள்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருடைய அம்மாவுக்கு ரொம்ப வருஷமாகச் சுகர். ராத்திரியானால் பாதம் எரிகிறது என்று ப்ரீகாபலின் கொடுத்திருக்கிறார்கள். சித்தப்பாவுக்குக் கண்ணில் அழுத்தம் ஏறிவிட்டது, அவருக்கு டயமாக்ஸ். இரண்டு பெயரையும் போனில் தேடிப் பார்த்தால், இரண்டுக்கும் நேரே 'வலிப்பு நோய்க்கான மருந்து' என்று வருகிறது. வீட்டில் யாருக்கும் வலிப்பு கிடையாது. டாக்டர் தப்பாக எழுதிவிட்டாரா, கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டாரா, வலிப்பே இல்லாதவர் இதைச் சாப்பிட்டால் வலிப்பு வந்துவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வது உண்மையா? சித்தப்பாவுக்கு மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து விரல் நுனியெல்லாம் ஊசி குத்துவது போல இருக்கிறதே, அது பக்கவாதத்தின் ஆரம்பமா?

யாரும் தப்பு செய்யவில்லை. மருந்தியல் வகுப்பில் வருஷா வருஷம் மாணவர்கள் கேட்கிற கேள்விதான் இது. 'கண் மருந்து', 'வலி மருந்து', 'வலிப்பு மருந்து' என்பதெல்லாம் நாம் அலமாரியில் ஒட்டி வைத்த சீட்டுகள். மாத்திரை போய் உட்காரும் இடம் ஒரு நொதியாகவோ, நரம்பின் சுவரில் உள்ள ஒரு சின்ன வாசலாகவோ இருக்கும். அதே நொதியும் அதே வாசலும் கண்ணிலும் இருக்கின்றன, காலிலும் இருக்கின்றன, மூளையிலும் இருக்கின்றன.

சித்தப்பாவின் மாத்திரையிலிருந்து தொடங்கலாம்.

கண்ணின் முன்பகுதியில், கருவிழிக்குப் பின்னால், தெளிந்த நீர் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இது கண்ணீர் இல்லை. கண்ணுக்கு உள்ளேயே சுரந்து உள்ளேயே வடிந்து போவது. சுரக்கும் அளவு நிமிடத்துக்குச் சுமார் இரண்டரை மைக்ரோலிட்டர்தான். ஒரு டீஸ்பூன் நிரம்ப ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகும். ஆனால் வடிகால் அடைத்துக்கொண்டால் இந்தத் துளி நீரே போதும், அழுத்தம் ஏறிவிடும். சாதாரணமாகக் கண்ணின் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். அது கூடிக்கொண்டே போனால் கண்ணின் பின்னால் உள்ள பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். இதுதான் கிளாக்கோமா, கண் நீர் அழுத்த நோய்.

அந்த நீரைச் சுரக்க வைப்பதில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதிக்குப் பெரிய பங்கு. கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்து பைகார்பனேட் ஆக்குவது இதன் வேலை. உடம்பிலேயே மிக வேகமான நொதிகளில் ஒன்று; ஒரே ஒரு மூலக்கூறு விநாடிக்குப் பத்து லட்சம் தடவை வரை இதைச் செய்யும். பைகார்பனேட் கண்ணுக்குள் போகிறது, சோடியம் கூடப் போகிறது, தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகிறது. டயமாக்ஸ், அதாவது அசெட்டசோலமைடு, இந்த நொதியை முடக்குகிறது. குழாயைப் பாதி மூடியது போல நீர் வரத்து குறைகிறது. வடிகால் அடைப்பு அப்படியே இருந்தாலும் அழுத்தம் இறங்குகிறது. பெர்னார்ட் பெக்கர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் 1954-இல் இதைக் காட்டினார். அதுவரை இந்த மாத்திரைக்குச் சிறுநீரை அதிகப்படுத்தும் மருந்து என்றுதான் பெயர்.

சரி, இதற்கும் வலிப்புக்கும் என்ன தொடர்பு? அந்த நொதி மூளையிலும் இருக்கிறது. அங்கே அதை முடக்கினால் கரியமில வாயு கொஞ்சம் தேங்குகிறது, சுற்றுப்புறம் லேசாகப் புளிப்பாகிறது. அந்தப் புளிப்பில் நரம்பணுக்கள் எளிதில் கிளர்ந்தெழுவதில்லை. இதன் மறுபக்கத்தை, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுக்கிற அறையில் பார்க்கலாம். வெறித்துப் பார்த்தபடி சில விநாடி நினைவு தவறும் வகை வலிப்பு இருக்கிறதா என்று சோதிக்க, குழந்தையை மூன்று நிமிடம் வேகவேகமாக ஊதச் சொல்வார்கள். ஊத ஊதக் கரியமில வாயு வெளியே போகிறது, மூளை கிளர்கிறது, அந்த வலிப்பு கண்முன்னே வந்துவிடுகிறது. டயமாக்ஸ் செய்வது இதற்கு நேர் எதிர். ஆனால் வலிப்பில் இதன் பலன் நாளடைவில் மங்கிவிடும். அதனால் மாதவிடாய் நாட்களையொட்டி மட்டும் வலிப்பு வருகிற பெண்களுக்குச் சில நாட்கள் கொடுப்பது போன்ற சின்ன வேலைகள்தான் இப்போது அதற்கு மிச்சம்.

இந்த நொதி உடம்பில் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் மருந்தின் கை நீளும். சிறுநீரகத்தில் முடங்கினால் அடிக்கடி ஒன்றுக்குப் போகும், பொட்டாசியம் குறையும், சிலருக்குக் கல் சேரும். நாக்கில் முடங்கினால் சோடாவின் சுறுசுறுப்பே தெரியாது, கலரெல்லாம் சப்பென்று இருக்கும். உங்கள் சித்தப்பாவின் விரல் நுனியில் குத்துகிற ஊசியும் இந்த வகைதான். டயமாக்ஸ் சாப்பிடுகிறவர்களில் ரொம்பப் பேருக்கு இது வரும். இரண்டு கையிலும், கால் விரலிலும், உதட்டைச் சுற்றியும் ஒரே மாதிரி வந்து போகும். பக்கவாதம் அப்படி வராது. அது ஒரு பக்கமாக, திடீரென்று, பலமே போய்விடுகிற மாதிரி வரும். அப்படி வந்தால் காத்திருக்காமல் ஓட வேண்டும். இன்னொன்று, சித்தப்பாவுக்கு 'சல்பா' மருந்து எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். டயமாக்ஸ் அந்தக் குடும்பத்தின் வழியில் பிறந்த மருந்து.

இவ்வளவு தொல்லையும் வேண்டாம் என்றுதான் 1990-களில் இதே வேலையைச் செய்யும் டார்சோலமைடு சொட்டு மருந்து வந்தது. சொட்டு மருந்து என்றால் கண்ணோடு நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். கண்ணின் மூக்கோர மூலையிலிருந்து மூக்குக்குள் ஒரு குழாய் போகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான். கண்ணில் விட்ட மருந்தும் அந்த வழியாக மூக்குக்கு இறங்கி, ஈரலைத் தொடாமலே ரத்தத்தில் கலக்கிறது. கிளாக்கோமாவுக்குத் தரும் டிமோலால் சொட்டு மருந்து ஆஸ்துமாக்காரருக்கு மூச்சிரைப்பையே கிளப்பிவிடக்கூடும். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். இதைச் சொல்லிக் கொடுக்கச் செலவு ஒன்றுமில்லை, ஆனாலும் சொல்லாமலே சீட்டைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

அம்மாவின் மாத்திரைக்குப் போவதற்கு முன், நரம்பு எப்படிப் பேசுகிறது என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். நரம்பின் சுவரில் சோடியம் நுழையும் வாசல்கள் இருக்கின்றன. வாசல் திறந்தால் சோடியம் உள்ளே பாயும், மின்னலைகள் ஓடும். ஒரு மில்லி விநாடியில் வாசல் தானே சாத்திக்கொள்ளும். சாத்திய பிறகு மறுபடி திறக்கத் தயாராகக் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளும். முள் குத்திய வலியும் இந்த வாசல் வழியாகத்தான் ஓடுகிறது, மூளையில் வலிப்பு பரவுவதும் இதே வாசல் வழியாகத்தான்.

இந்த வாசலை மருந்தால் மூடலாம் என்று உலகம் முதலில் கற்றுக்கொண்டதே கண்ணில்தான். 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர் கொக்கைன் கரைசலைக் கண்ணில் விட்டால் கருவிழி மரத்துப்போகிறது என்று கண்டார். அந்தச் செப்டம்பரில் ஹைடல்பர்க் நகரில் நடந்த கண் மருத்துவர் மாநாட்டில் அதைச் செய்து காட்டினார்கள். ரயில் கட்டணத்துக்குக் காசில்லாததால் கோலரால் போக முடியவில்லை. அவருக்காக வேறொருவர் படித்தார். இப்போது கண் ஆஸ்பத்திரியில் அழுத்தம் பார்ப்பதற்கு முன் விடுகிற ப்ரோபரகெயின் சொட்டு அதே கொள்கைதான். 'அது ரொம்ப இதமாக இருந்தது, வீட்டுக்கும் எழுதிக் கொடுங்கள்' என்று சிலர் கேட்பார்கள். கொடுக்கவே கூடாது. வலி தெரியாத கண் சரியாக இமைக்காது, அந்த மருந்தும் கருவிழியின் மேல்தோலை ஆற விடாது. சில நாளிலேயே புண்ணாகிவிடும்.

ஆனால் மரத்துப்போக வைக்கும் மருந்து எல்லா வாசலையும் சாத்திவிடும். வலிப்புக்கு அது உதவாது. மூளை முழுவதையும் மரக்கடிக்க முடியுமா? அங்கே வேண்டியது, அளவோடு பேசுகிற நரம்பை விட்டுவிட்டு, நிறுத்தாமல் கத்துகிற நரம்பை மட்டும் பிடிக்கிற மருந்து. பெனிட்டாயின், நம் ஊரில் எப்டாயின் என்று சொன்னால் சட்டென்று புரியும், அப்படிப்பட்டது. கார்பமாசிபின் இன்னொன்று. இவை வாசல் சாத்தி மூச்சு வாங்குகிற நேரத்தில்தான் போய் ஒட்டிக்கொள்கின்றன, அந்த நேரத்தை நீட்டுகின்றன. நிதானமாக ஓடும் நரம்புக்கு இது தடையே இல்லை. விநாடிக்கு நூற்றுக்கணக்கில் துடிக்கிற நரம்புக்கு மட்டும் மூச்சு முட்டும். எனக்கு இந்தப் பாடத்தில் ரொம்பப் பிடித்த இடம் இது.

கார்பமாசிபினை வலிக்கும் கொடுக்கிறார்கள், அதுவும் ஒரு குறிப்பிட்ட வலிக்கு. முக நரம்பு வலி என்று கேள்விப்பட்டிருக்கலாம். பல் தேய்த்தால், முகத்தில் காற்றுப் பட்டால், கன்னத்தில் ஷாக் அடித்தது போல விநாடிக்கணக்கில் வெட்டும். பல்வலி என்று நினைத்து நல்ல பல்லையெல்லாம் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ட்ரூசோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இதற்கு 'வலிப்பு போன்ற நரம்பு வலி' என்று பெயர் வைத்தார். திடீரென்று வருவதும் திடீரென்று நிற்பதும் அவருக்கு வலிப்பை நினைவூட்டின. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு 1942-இல் பெனிட்டாயினைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1962-இல் ஸ்வீடனில் ப்ளோம் என்பவர் கார்பமாசிபினைக் கொடுத்தபோது வலி பலருக்கு அப்படியே நின்றது. அமெரிக்காவில் இந்த மருந்துக்கு 1968-இல் கிடைத்த முதல் அனுமதியே முக நரம்பு வலிக்குத்தான். வலிப்புக்கு அனுமதி 1974-இல் வந்தது. அங்கே அப்போது யாராவது 'வலி மாத்திரையை வலிப்புக்கு ஏன் கொடுக்கிறார்கள்' என்று கேட்டிருக்கலாம்!

உங்கள் வீட்டில் யாரும் கார்பமாசிபின் சாப்பிடவில்லை என்றாலும் ஒரு எச்சரிக்கை. எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த மருந்தால் தோலே உரிந்துபோகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வரும் ஆபத்து மிக அதிகம் என்று 2004-இல் தைவானில் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியரிடம் அரிதான இந்த வகை ஆசியர்களிடம் இருக்கிறது. ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், தோலில் தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு என்று சேர்ந்து வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோல் ஆறிய பிறகும் கண்ணில் தழும்பு விழுந்து பார்வை போனவர்கள் உண்டு.

இப்போது ப்ரீகாபலின். இதன் அண்ணன் காபாபென்டின். மூளையில் நரம்புகளை அடக்கி வைக்கும் காபா என்ற பொருள் இருக்கிறது. அதைப் போலவே ஒன்றைச் செய்தால் வலிப்பு அடங்கும் என்று எண்ணிச் செய்ததுதான் காபாபென்டின், பெயரே அதைச் சொல்கிறது. வலிப்பு என்னவோ அடங்கியது. ஆனால் அது காபாவின் வழியில் வேலை செய்யவே இல்லை என்று பிறகு தெரிந்தது! நரம்பின் நுனியில் கால்சியம் நுழையும் வாசல் ஒன்று உண்டு. அதோடு ஒட்டியிருக்கும் 'ஆல்பா-2-டெல்டா' என்ற துண்டைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. ப்ரீகாபலினும் அப்படியே. கணக்கு தப்பி விடை சரியாக வந்த மருந்து.

கால்சியம் உள்ளே போனால்தான் நரம்பு நுனி தன் செய்தியை அடுத்த நரம்புக்குக் கொட்டும். சுகரால் பாதத்தின் நரம்புகள் அடிபட்டுப் போகும்போது முதுகுத்தண்டில் இந்த வாசல் துண்டுகள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. பாதத்தில் ஒன்றுமே இல்லாதபோதும் 'எரியுது, எரியுது' என்று செய்தி போய்க்கொண்டே இருக்கிறது. போர்வை பட்டாலும் எரிவது இதனால்தான். ப்ரீகாபலின் அந்த வாசல்கள் நுனிக்கு வந்து சேர்வதைக் குறைக்கிறது, கொட்டுவது குறைகிறது.

பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் இந்த எரிச்சலுக்கு ஏன் கேட்பதில்லை என்பதும் இதில் இருக்கிறது. டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வகையறா, அடிபட்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாவதைத் தடுக்கின்றன. 1971-இல் ஜான் வேன் கண்டுபிடித்த இதற்கு 1982-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கால் பிசகினால் அது சரி. நரம்பே பழுதானால் அங்கே தடுக்கப் புரோஸ்டாகிளாண்டின் ஏது? சுகர்காரரின் சிறுநீரகத்தைக் கெடுப்பதுதான் மிச்சம். வேடிக்கை என்னவென்றால், வலி மருந்து ஒழிக்கப் பார்க்கிற அந்தப் புரோஸ்டாகிளாண்டின் வகையில் ஒன்றைத்தான் 1996 முதல் லட்டனோப்ரோஸ்ட் என்ற பெயரில் கண்ணில் சொட்டு விடுகிறார்கள். கண் நீருக்கு இன்னொரு வடிகாலைத் திறந்துவிடுகிறது. கூடவே இமை மயிரையும் நீளமாக வளர்க்கும்; இதே வகையைச் சேர்ந்த பைமாட்டோப்ரோஸ்ட்டை அதற்கான அழகு மருந்தாகவே விற்கிறார்கள்.

அம்மா விஷயத்தில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. எரியும்போது மட்டும் போடுகிற மாத்திரை இல்லை இது. தினமும் போட்டால்தான், அதுவும் சில நாள் போன பிறகுதான் பலன் தெரியும். தூக்கம், தலைசுற்றல், பாதம் வீங்குவது, எடை கூடுவது எல்லாம் வரலாம். ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும்போது தள்ளாடி விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மருந்து ஈரலில் உடையாமல் அப்படியே சிறுநீரில் போகிறது. சுகரால் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் உடம்பில் தேங்கிவிடும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று யோசியுங்கள். அப்புறம், இது எரிச்சலைத்தான் அடக்கும், நரம்பைத் திரும்ப வளர்க்காது. சுகரைக் கட்டுக்குள் வைக்கிற வேலை அப்படியேதான் இருக்கிறது.

கண்ணுக்கும் வலிப்புக்கும் உள்ள உறவு எப்போதும் நல்லதாக முடிவதில்லை. காபா உடைந்து போகாமல் தடுக்கிற விகாபாட்ரின் என்ற வலிப்பு மருந்து இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கு வரும் ஒரு கொடிய வகை வலிப்புக்கு இன்றும் அதைத் தவிர்க்க முடியவில்லை. விழித்திரைக்குள்ளும் காபா இருப்பதால், நாள்பட எடுத்துக்கொள்கிறவர்களில் கணிசமானவர்களுக்குப் பார்வையின் ஓரங்கள் சுருங்கிக் குழாய் வழியாகப் பார்ப்பது போல ஆகிவிடுகிறது, அது திரும்பி வருவதில்லை. 1997-இல்தான் இது வெளியே வந்தது, மருந்து விற்பனைக்கு வந்து பல வருஷம் கழித்து. இன்னொன்று டோப்பிராமேட். வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுப்பது. டயமாக்ஸ் முடக்குகிற அதே நொதியை இதுவும் கொஞ்சம் முடக்குகிறது, அதனால் கண்ணுக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு, முதல் மாதத்துக்குள், கண்ணின் உள்ளுறை வீங்கி வடிகாலையே மூடிவிடும். திடீரென்று தூரப் பார்வை மங்கி, கண் சிவந்து வலித்தால் கண்ணாடிக் கடைக்குப் போகக்கூடாது. டாக்டரிடம் இந்த மாத்திரையின் பெயரைச் சொன்னால்தான் அவருக்குக் காரணம் பிடிபடும். வழக்கமான லேசர் இதற்குப் பயன்படாது, மருந்தை நிறுத்த வேண்டும்.

கடைசியாகப் பக்கத்து வீட்டு அக்கா. ப்ரீகாபலினோ டயமாக்ஸோ சொன்ன அளவில் சாப்பிடுவதால் அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் வலிப்பு வராது. வலிப்பைக் கிளப்பக்கூடிய மாத்திரை வேறு இருக்கிறது: டிரமடால். வலிக்குத்தான் கொடுக்கிறார்கள், பெயரில் வலிப்பின் வாசனையே கிடையாது. ஆனால் அளவு கூடினால், அல்லது மன அழுத்த மருந்துகளோடு சேர்ந்தால், வலிப்பே இல்லாதவருக்கும் வரலாம். ராத்திரி எரிச்சல் தாங்கவில்லை என்று வேறு யாருக்கோ எழுதிய அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து அம்மாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். கால் எரிச்சலுக்கு எழுதுகிற அமிட்ரிப்டிலினும் அப்படித்தான். அதைச் சித்தப்பா எடுத்துப் போட்டால், அவருடைய கிளாக்கோமா வடிகால் கோணம் குறுகிய வகை என்றால், கண்ணழுத்தம் ஒரே ராத்திரியில் எகிறிவிடும்.

அக்காவின் பேச்சில் ஒரு துளி உண்மை இருக்கிறது என்றால் அது நிறுத்துவதில்தான். ப்ரீகாபலினுக்குப் பழகிய நரம்பு, திடீரென்று அது இல்லாமல் போனால் துள்ளும். தூக்கம் கெடும், வியர்க்கும், படபடக்கும். அபூர்வமாக வலிப்பும் வந்திருக்கிறது. எரிச்சல் போய்விட்டது, இனி வேண்டாம் என்றாலும் ஒரு வாரத்துக்குக் குறையாமல் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும், டாக்டரைக் கேட்டு. அட்டையில் கடைசி மாத்திரை தீர்ந்த பிறகு கடைக்குப் போகாமல், நாலு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த அட்டையை வாங்கி வைத்துவிடுங்கள்.